இரண்டாவது பந்தியில் ஒரு சத்தம்

கல்யாண வீடியோவில் அழுகைக்கு ஒரே ஒரு இடம்தான் உண்டு. பெண்ணை அனுப்பி வைக்கும்போது அம்மாக்காரி முந்தானையால் கண்ணைத் துடைப்பாள், அப்பா வேறு பக்கம் பார்ப்பார், அதற்கு ஒரு புல்லாங்குழலைப் போட்டு மெதுவாக ஓட்டினால் போதும். மற்றபடி யாராவது மூக்கைச் சிந்தினாலோ, கொட்டாவி விட்டாலோ, கரண்ட் போய் மண்டபமே அண்ணாந்து பார்த்தாலோ வெட்டி எறிந்துவிட வேண்டும். கிருஷ்ணகிரியில் பல வருஷமாக இதுதான் என் பிழைப்பு. மிக்ஸிங் என்று சொல்வோம்.

பேக்கரிக்கு மேலே மாடியில் என் கடை. ஆனேக்கல் பக்கத்திலிருந்து கன்னடக்காரர்கள் வருவார்கள், வேப்பனப்பள்ளியிலிருந்து தெலுங்குக்காரர்கள் வருவார்கள். மூன்று பாஷையிலும் பேரம் பேசுவேன், கோபம் வந்தால் மட்டும் வீட்டுப் பாஷையான தெலுங்கு தானாக வந்துவிடும். கோபம் எனக்கு அடிக்கடி வரும். கடையில் பழைய வி.சி.ஆர். ஒன்றை உயிரோடு வைத்திருக்கிறேன். அப்பா அம்மா கல்யாணக் கேசட்டை பென்டிரைவில் போட்டுத் தரச் சொல்லி ஓசூரிலிருந்துகூட ஆள் வருவதற்கு அந்த மெஷின்தான் காரணம்.

டாகுமெண்டரி என்றால் எனக்கு ஆகாது. என் வீட்டுக்காரருக்குப் போச்சம்பள்ளியில் கம்பெனி வேலை. ஷிப்ட் முடிந்து வந்து செல்போனில் போர்ப் படங்களாகப் பார்த்துத் தள்ளுவார். எந்த நாட்டுப் போராக இருந்தாலும் படம் ஒரே மாதிரிதான் இருக்கும். இடிந்த சுவர், ஓடுகிற கால், தட்டை நீட்டுகிற கை, அழுகிற ஒரு கிழவி, பின்னால் ஒரு வயலின். "அந்த ஊர்ல ஒருத்தன்கூட முடி வெட்டிக்க மாட்டானா? ஒருத்திகூட பக்கத்து வீட்டுக்காரியப் பத்தி வம்பு பேச மாட்டாளா?" என்று கேட்பேன். "உனக்கு எல்லாமே கல்யாண வீடியோவா இருக்கணும்" என்பார். அவர் சொன்னதிலும் பாதி உண்மை இருந்தது.

போன மாம்பழ சீசனில் ஒரு பெங்களூர்ப் பெண் படியேறி வந்தாள். முப்பது வயது இருக்கும். இலங்கையில் சண்டை நடந்த காலத்தில் சாதாரண ஜனங்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று படம் எடுக்கிறாளாம். அங்கிருந்து வந்து நம் பக்கத்து முகாம்களில் குடியிருப்பவர்களின் போட்டோ, கேசட் எல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் கையில் ஒரு மஞ்சப்பையோடு ஓர் அம்மா ஏறி வந்தார். ஐம்பதைத் தாண்டியவர், மாங்கூழ் கம்பெனியில் சீசன் வேலை. உடம்பெல்லாம் மாம்பழ வாசனை. நான் அக்கா என்றேன், அவர் தங்கச்சி என்றார். பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்தார். அரிசி மாவு டின்னுக்குள் வைத்துப் படகில் கொண்டுவந்தாராம்.

"என்ர கலியாண வீடியோ. அங்க ஒருக்காத்தான் பாத்தனான். இஞ்ச வந்த பிறகு போட்டுப் பாக்க மிசின் கிடைக்கேல்லை. ஓடுமோ தங்கச்சி?"

டேப்பில் பூஞ்சை பிடித்திருந்தது. திறந்து, துடைத்து, காயவைத்துப் போட்டால் முதலில் கோடு கோடாக வந்தது, பிறகு பந்தல் வந்தது. சண்டை நடக்கிற ஊரில் கல்யாணத்துக்கு வீடியோ எடுத்திருக்கிறார்களா என்று எனக்கு ஆச்சரியம். "வெளிநாட்டில இருக்கிற சொந்தக்காரர் பாக்கோணுமே" என்றார் அக்கா, இது என்ன கேள்வி என்பது மாதிரி. கரண்ட் கிடையாதாம். மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேட்டரை வாடகைக்கு எடுத்து, கேமராவுக்கும் நாலு குழல் விளக்குக்கும் கரண்ட் கொடுத்திருக்கிறார்கள். கல்யாணப் பெண்ணாக அக்கா, தாலி கட்டுகிறவரின் கை நடுங்குவதைப் பார்த்து வாயை மூடிச் சிரிக்கிறார். நடுங்கின கைக்காரர் இப்போது ஓசூர் அபார்ட்மெண்ட்களுக்கு பெயிண்ட் அடிக்கிறார்.

அப்புறம் பந்தி. வாளியும் கையுமாக ஓர் இளைஞர் இலைக்கு இலை ஓடிக்கொண்டே இருந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, தோளில் துண்டு, நெற்றியெல்லாம் வியர்வை. அக்கா திரைக்குப் பக்கத்தில் போய் நின்றுகொண்டார்.

"அண்ணன்" என்றார். "பிறகு சண்டையில போயிட்டான். இயக்கத்தில எல்லாம் இல்லை. கடைக்குப் போனவன்."

 சொல்லிவிட்டு அக்கா திரையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் ஒரு தாத்தாவின் இலையில் வேண்டாம் வேண்டாம் என்று சொல்லச் சொல்ல ஊற்றிக்கொண்டிருந்தார்.

டைரக்டர் பெண் கீழே போன் பேசப் போனபோதுதான் அக்கா தன் விஷயத்தைச் சொன்னார். அவருடைய ஒரே மகளுக்கு ஆவணியில் கல்யாணம். ஓசூரில் போன் பாகம் செய்கிற கம்பெனியில் வேலை பார்க்கிறாள். அதே கம்பெனி பஸ்ஸில் பழக்கமான பையன், கல்லாவிக்காரன், நிலபுலன் உள்ள குடும்பம். பையன் வீட்டில் சண்டை சச்சரவு எதுவும் இல்லாமல் ஒத்துக்கொண்டார்கள். அதுதான் அக்காவுக்குக் கவலை.

"மாப்பிள்ளையின்ர தாய் நல்ல மனிசி. ஆனா என்ர பிள்ளையைக் கண்டா அதுக்குக் கண் கலங்குது. எல்லாத்துக்கும் பாவம் பாவம் எண்டுது. பாவம் பாத்துக் கட்டிக்கொண்டு போனதெண்டு இருக்கக்கூடாது, தங்கச்சி. நாளைக்குப் புருசன் பெண்சாதிக்குள்ள ஒரு கதை வந்தா, நாங்க உனக்கு வாழ்வு குடுத்தனாங்கள் எண்டு ஒரு சொல் வந்திடும். அந்தச் சொல் வரக்கூடாது."

அதனால் ரிசப்ஷனில் எல்.ஈ.டி. திரையில் இந்தக் கல்யாணத்தை ஓட்ட வேண்டும் என்றார். எங்களுக்கும் பந்தல் இருந்தது, பந்தி இருந்தது, சொந்தம் இருந்தது என்று அவர்கள் பார்க்க வேண்டும். அவர் கேட்டது அவ்வளவுதான். டைரக்டர் பெண்ணிடமும் திரையில் ஓட்டுவதை மட்டும் சொல்லித்தான் கேசட்டைக் கொடுத்திருக்கிறார்.

அந்தக் கல்யாண ஆர்டரும் எனக்கே வந்தது. ஆல்பம் டிசைன் பார்க்க மாப்பிள்ளையின் அம்மா கல்லாவியிலிருந்து வந்திருந்தார். வாட்டசாட்டமான ஆள், மாடிப்படி ஏறும்போதே குரல் மேலே வந்துவிட்டது. நான் சொன்ன ரேட்டை என் கண்ணெதிரிலேயே பாதியாக்கினார். ஆனால் மருமகள் பேச்சு வந்ததும் குரல் இறங்கிவிட்டது.

"பாவங்க அந்தப் புள்ள. செல்போன்ல அந்தச் சண்டையெல்லாம் காட்னாங்க, ரெண்டு நாளு எனக்குச் சோறு எறங்கல. எப்பிடியெல்லாம் தப்பிச்சு வந்துதோ!"

"பொண்ணு நம்ம கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில பொறந்ததுங்க" என்றேன்.

"இருந்தாலும் பாவந்தானே" என்றார். அக்கா எதற்குப் பயந்தார் என்பது எனக்கு அப்போது முழுசாகப் புரிந்தது.

ஒரே கேசட்டில் இரண்டு வேலை நடந்தது. கடையில் ஒரு மூலையில் லேப்டாப்பை வைத்துக்கொண்டு டைரக்டர் பெண் தன் படத்துக்கான பகுதியை வெட்டினாள். இன்னொரு பக்கம் நான் ரிசப்ஷனுக்கு ஏழெட்டு நிமிஷம் வருகிற மாதிரி தயார் செய்தேன். இரண்டாவது பந்திக் காட்சியில் ஓரிடத்தில் ஜெனரேட்டர் இரைச்சலோடு 'டும்' என்று ஏதோ கேட்டது. பந்தியே கையை இலையில் வைத்தபடி அண்ணாந்து பார்த்தது. விளக்கு போய்விட்டது போலிருக்கிறது, எந்த மண்டபத்திலும் நடப்பதுதானே என்று கை பழக்கத்தில் வெட்டினேன். தலைகள் திரும்புவதற்கு முன்னால் நிறுத்தி, நேரே பாயசத்துக்குத் தாவினேன். இரைச்சலைத் துடைத்தேன், நாதஸ்வரம் போட்டேன், நிறம் ஏற்றினேன். பளிச்சென்று வந்துவிட்டது. எனக்கு ஒரே பெருமை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அக்கா வந்தார். டைரக்டர் பெண் முதலில் தான் வெட்டிய படத்துண்டைக் காட்டினாள். நிறம் எல்லாம் போய்க் கறுப்பு வெள்ளை. எல்லாரும் தண்ணீருக்குள் நடப்பதுபோல் மெதுவாக நகர்ந்தார்கள். வயலின் அழுதது. எங்கிருந்தோ எடுத்த பெரிய வெடிச்சத்தம் ஒன்றை மேலே போட்டிருந்தாள். வாளியோடு திரும்புகிற அண்ணனின் முகம் அப்படியே உறைந்து, திரை முழுக்கப் பெரிதாகி, இருண்டது. சொல்லக்கூடாது, எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

அக்காவுக்கு வரவில்லை.

"இது ஆற்ற செத்தவீடு?" என்று கேட்டார்.

அவளுக்குப் பாதிதான் புரிந்தது. நான் கன்னடத்தில் சொன்னேன், இது யார் வீட்டுச் சாவு என்று கேட்கிறார் என்று. அவள் முகம் சுண்டிப்போனது. எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம், மறைப்பானேன். "அக்கா, நம்மளுத பாருங்க" என்று என்னுடையதைப் போட்டேன். நாதஸ்வரம் முழங்கியது. அக்கா கொஞ்ச நேரம் சந்தோஷமாகப் பார்த்தார். பாயசம் வந்ததும் கையை நீட்டி நிறுத்தச் சொன்னார்.

"அந்த இடம் எங்க?"

"எந்த இடம்?"

"எல்லாரும் மேல பாக்கிற இடம்."

"கரண்ட் போன இடமா? அத வெட்டிட்டேன்கா."

"ஜெனரேட்டர்ல நடந்த கலியாணத்தில என்ன கரண்ட் போறது? அது ஷெல் விழுந்த சத்தம், தங்கச்சி."

 இத்தனை வருஷத்தில் எத்தனையோ மண்டபத்தில் அண்ணாந்து பார்த்த தலைகளை வெட்டியிருக்கிறேன், அந்த ருசியிலேயே இதையும் வெட்டிவிட்டேன். வெட்டினது திரும்ப வராதா என்று அக்கா பதறினார். அசல் அப்படியே இருக்கிறது என்று சொன்ன பிறகுதான் மூச்சு விட்டார்.

அசலைப் போட்டோம். முதலில் அந்தச் சத்தம் கேட்டது. பெரிதாக ஒன்றும் இல்லை, தூரத்தில் யாரோ இரும்புக் கதவை மூடினது போல இருந்தது. பந்தியில் எல்லாக் கையும் நின்றது. ஒரு பெண் பக்கத்திலிருந்த குழந்தையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கேமராக்காரரும் பயந்திருக்க வேண்டும், படம் ஒரு ஆட்டம் ஆடியது. இன்னொரு சத்தம் வருமா என்று எல்லாரும் காது கொடுத்துக் காத்திருக்கிறார்கள். வரவில்லை. அப்போது அண்ணனின் குரல்: "இருங்கோ, இருங்கோ! அது தூரத்தில. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ!" வாளி நகர்ந்தது. ஒரு கை பிசைய ஆரம்பித்தது, அப்புறம் இன்னொரு கை, அப்புறம் பந்தி முழுவதும்.

டைரக்டர் பெண் கடையை இரண்டாக்கிவிட்டாள். அவள் ஒன்றும் மட்டமானவள் இல்லை, அவள் பக்கத்திலும் நியாயம் இருந்தது. தப்பும் தவறுமான தமிழில் அக்காவிடம் நேராகவே கேட்டாள். "அம்மா, எல்லாரும் சாப்பிடுறது மட்டும் காட்டினா, பாக்கிறவங்க என்ன நினைப்பாங்க? சண்டை அவ்வளவு மோசம் இல்லைன்னு நினைக்க மாட்டாங்களா? உங்க அண்ணன் செத்தது அவங்களுக்கு எப்படித் தெரியும்?"

அக்கா கோபப்படவில்லை. ஒரு குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற பொறுமையோடு சொன்னார்.

"மோசம்தான் பிள்ளை. மோசமெண்டபடியாத்தானே ஆறமுன்னம் சாப்பிடச் சொன்னவன். அழுத நாளும் இருக்கு, அது வேற நாள். அண்டைக்கு ஒருத்தரும் அழேல்லை. பயந்தனாங்கள், பிறகு சாப்பிட்டனாங்கள். நீங்கள் அழுகையைக் கொண்டுவந்து போடுறியள், இந்தத் தங்கச்சி பயத்தை எடுத்துப்போட்டா. இரண்டும் எங்கட கலியாணம் இல்லை." கொஞ்சம் நிறுத்தி, திரையைக் காட்டினார். "அவனை அப்பிடி நிப்பாட்டாதேங்கோ. அவன் ஒரு இடத்தில நிண்டவனே இல்லை. செத்தது தெரியோணுமெண்டா கீழ எழுதிவிடுங்கோ. அவன் ஓடட்டும்."

என்னால் தாங்க முடியவில்லை. டீ வாங்கப் போகிறேன் என்று படியிறங்கிப் போய் பேக்கரி வாசலில் நின்று அழுதுவிட்டு வந்தேன். திரும்பி வந்து பார்த்தால் அந்தப் பெண் லேப்டாப்பில் வயலினை அழித்துக்கொண்டிருந்தாள். வெடிச்சத்தத்தையும் எடுத்தாள். உறைந்த முகத்தை நடக்கவிட்டாள், நிறத்தைத் திரும்பக் கொண்டுவந்தாள். "ஆயித்து அக்கா" என்றாள் என்னிடம், முடிந்தது என்று. அவளுக்குச் சமமாக நானும் வெட்டின இடத்தைத் திரும்பச் சேர்த்து, நாதஸ்வரத்தை எடுத்தேன். ஜெனரேட்டர் இரைச்சலைத் துடைக்காமல் விட்டது என் தொழில் வாழ்க்கையில் அதுதான் முதல் தடவை.

காவேரிப்பட்டினத்தில் ஒரு மண்டபம். கல்யாணத்தை நாங்களே முழுசாகப் பார்த்துக்கொள்கிறோம் என்று மாப்பிள்ளை வீட்டில் சொல்லியும், முதல் நாள் சாயந்திர ரிசப்ஷன் சாப்பாடு எங்களுடையது என்று அக்கா ஒரே பிடியாக நின்று வாங்கிவிட்டிருந்தார். ஆனால் மண்டபத்தில் அவரை ஒரு வேலை செய்ய விடவில்லை. அக்கா எழுந்தால் போதும், மாப்பிள்ளையின் அம்மா ஓடி வந்து, "நீங்க உக்காருங்கம்மா, பட்ட கஷ்டமெல்லாம் போதும்" என்று தோளை அழுத்தி உட்காரவைத்தார். பந்திப் பக்கம் போனார், உட்காரவைத்தார்கள். சந்தனம் கொடுக்கப் போனார், தட்டை வாங்கிக்கொண்டு உட்காரவைத்தார்கள். முன் வரிசை நாற்காலியில் பட்டுப்புடவை கட்டின விருந்தாளி மாதிரி அக்கா உட்கார்ந்திருந்தார். முகம் வாடிப்போயிருந்தது.

நான் ஓரத்தில் கம்ப்யூட்டர் மேஜையில் இருந்தேன். டைரக்டர் பெண்ணும் வந்திருந்தாள், கேமராவைப் பையிலிருந்து எடுக்கவே இல்லை. மாப்பிள்ளை பெண்ணின் குழந்தைப் படங்கள், கிருஷ்ணகிரி அணையில் எடுத்த பாட்டு எல்லாம் ஓடி முடிந்தது. மண்டபத்தில் யாரும் திரையைப் பார்க்கவில்லை. மண்டபத்தில் யார் எப்போது திரையைப் பார்த்தார்கள்? குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு அக்காவின் கல்யாணத்தை ஓடவிட்டேன்.

ஜெனரேட்டர் இரைச்சல் பெரிய ஸ்பீக்கரில் மண்டபத்தை நிறைத்தது. மைக் கோளாறு என்று நினைத்து நாலு பேர் திரும்பினார்கள். தாலி கட்டுகிற கை நடுங்கியதும் இளவட்டங்கள் விசிலடித்தார்கள். அக்காவின் வீட்டுக்காரர் வெட்கப்பட்டு ஒரு தூணுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். பந்தி வந்தது. அந்தச் சத்தம் கேட்டது. திரையில் எல்லாரும் அண்ணாந்து பார்த்தபோது மண்டபத்தில் பேச்சு அடங்கியது. கல்லாவிக்காரர்கள் சிலர் சீலிங்கைப் பார்த்தார்கள். என் கை தன்னால் மவுஸுக்குப் போனது, இழுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"இருங்கோ, இருங்கோ! அது தூரத்தில. சோறு ஆறுது, சாப்பிடுங்கோ!"

வாளி கிளம்பியது. தாத்தா இலையை இரண்டு கையாலும் மறைத்தார். அண்ணன் விரல் இடுக்கிலேயே ஊற்றினார். பின் வரிசையில் ஒரு சிரிப்பு கிளம்பி முன் வரிசை வரை வந்தது. பெண்ணுக்கு மேடையில் சிரிப்பு தாங்கவில்லை, அம்மாவோட அண்ணன், எங்க மாமா என்று சத்தமாக மாப்பிள்ளைக்குக் காட்டிக்கொண்டிருந்தாள்.

படம் முடிந்ததும் மாப்பிள்ளையின் அம்மா எழுந்தார். நேராக அக்காவை நோக்கி வந்தார். கட்டிப்பிடித்து ஓவென்று அழப்போகிறார், எல்லாம் கெட்டது என்று நான் பல்லைக் கடித்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்திருப்பார், முகம் இறுகிவிட்டது. அந்தம்மா வந்து எதிரில் நின்று இடுப்பில் கையை வைத்தார்.

"ஏன் சம்மந்தி, அன்னிக்கு மேல குண்டு விழறப்பவே உங்க அண்ணன் வேணாம் வேணாம்னாலும் ஊத்தறாரு. இங்க ஒண்ணும் விழல. எங்க பெரிய மாமா இலையப் போட்டுக்கினு மோருக்குக் காத்துக்கினே இருக்காரு, ஒருத்தர் எட்டிப் பாக்கல. பொண்ணு வூட்டு கவனிப்பு இவ்ளோதானா?"

 மேடையில் மாப்பிள்ளை, "அம்மா!" என்று பல்லைக் கடித்தான். அக்கா அந்தம்மாவை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு எழுந்து, பட்டுப்புடவை முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டார்.

"மாப்பிள்ளை வீட்டாருக்கு வாய் நீளமெண்டு தெரியும், வயிறும் நீளமெண்டு இப்பதான் தெரியுது. வாங்கோ சம்மந்தி, உங்கட மாமாவுக்கு இலை மிதக்க மிதக்க ஊத்திக் காட்டுறன்."

"ஊத்துங்க பாக்கலாம்" என்று அந்தம்மா பின்னாலேயே போனார். இருவரும் பந்தி வரைக்கும் வாய் ஓயாமல் சண்டை போட்டுக்கொண்டே போனார்கள். அன்று சாயந்திரம் அதற்கப்புறம் அக்காவை யாரும் உட்காரச் சொல்லவில்லை.